வடிவு, கருப்பாயி ஆன கதை

பதிப்புத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒருவர் போன வாரம் என் வீட்டுக்கு வந்திருந்தார். ஒரு பதிப்பகத்தில் புதிதாக ஆசிரியர் குழுவில் சேர்ந்திருக்கும் பெண். கொடுத்த காப்பியைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார். தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் பாத்திரங்களை வைத்து ஒரு கல்லூரி மாணவி செல்போனிலேயே எழுதி, ஊரெல்லாம் படித்த கதையாம். இப்போது பெயர்களை மாற்றி நாவலாகக் கொண்டுவந்திருக்கிறாளாம். எடுத்தால் கீழே வைக்க முடியவில்லையாம். போடலாமா சார், வம்பு வருமா?

வம்பு வருமா என்பதுதான் நம் தொழிலில் எல்லோரும் முதலில் கேட்கிற கேள்வி. நானும் அதைக் கேட்டுக் கேட்டே தலைமுடியைத் தொலைத்தவன். அந்தப் பெண்ணுக்கு நான் அன்று உருப்படியாகப் பதில் சொல்லவில்லை. ஆம், இல்லை என்று சொல்லி முடிக்கிற விஷயமல்ல அது. அதனால் எனக்கு நடந்ததை உங்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இதற்கு இப்போது ரசிகர் புனைவு என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்களாம். எங்கள் காலத்தில் பெயர் கிடையாது, காரியம் மட்டும் நடந்துகொண்டிருந்தது.

நான் சொல்வது எழுபதுகளின் கடைசி. நான் வேலை பார்த்த பதிப்பகம் மதுரை சிம்மக்கல்லில் ஒரு காகிதக் கடையின் மாடியில் இருந்தது. வருகிற கையெழுத்துப் பிரதிகளைப் படித்து, போடலாம், வேண்டாம் என்று சிபாரிசு செய்வதும், அச்சகத்துக்கும் அலுவலகத்துக்கும் நடையாய் நடப்பதும் என் வேலை. எங்கள் முதலாளி பள்ளிக்கூட நோட்ஸ் போட்டுச் சம்பாதித்ததை நாவல் போட்டுத் தொலைக்கிறவர் என்று ஊரில் பெயரெடுத்தவர். ஆனால் வாரப் பத்திரிகைகளைத் தொடமாட்டார். தொடர்கதை என்றாலே அவருக்கு ஆகாது. “ஒரு கதையை ஒரு வருஷமா படிக்கிறவன் என்னத்துக்குடா ஆவான்?” என்பார்.

ஒரு நாள் காலையில் பஞ்சவர்ணம் வந்தார். முப்பது வயதை ஒட்டி இருக்கும். மேலூர்ப் பக்கம் சொந்த ஊர், மதுரையில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை. கையில் ஒயர் கூடை, அதற்குள் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் ஒரு பெரிய காகிதக் கட்டு. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“சார், முதல்லயே சொல்லிப்புடுறேன். அப்புறம் சொல்லலைன்னு ஆயிரக் கூடாது. இது வடிவு கதை.”

வடிவு யாரென்று அன்றைக்கு யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, உங்களுக்குத்தான் விளக்க வேண்டும். மெட்ராஸில் இருந்த ஒரு பெரிய எழுத்தாளர் ஒரு வாரப் பத்திரிகையில் எழுதிய தொடர்கதையின் நாயகி அவள். மிராசுதார் வீட்டுப் பெண். புருஷன் சந்தேகப்பட்டு ஒதுக்கிவைக்கிறான், பிறந்த வீடு கதவைச் சாத்துகிறது, கடைசி வாரத்தில் வடிவு கிணற்றில் விழுந்து செத்துப்போகிறாள். அந்த இதழ் வந்த அன்று என் அக்கா ராத்திரிச் சாப்பாடு சாப்பிடவில்லை. பத்திரிகையிலிருந்து அந்தத் தொடரை வாராவாரம் கிழித்தெடுத்து, சேர்த்துவைத்து, பைண்டு செய்து வைத்திருந்தாள். எங்கள் வீட்டில் மட்டுமல்ல, பல வீடுகளில் அப்படி ஒரு பைண்டு இருந்தது.

எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த பெண்களும் ஒரே பிரதியை வாங்கிச் சுற்றுக்கு விட்டுப் படித்தவர்கள்தான். வடிவு செத்ததும் அவர்களுக்கு அப்படி ஒரு ஆத்திரம். பஞ்சவர்ணம் சும்மா இருக்க முடியாமல், வடிவு சாகாமல் கிணற்றடியிலிருந்து திரும்பி வருகிறாற்போல் ஒரு அத்தியாயம் எழுதி, அவர்கள் ஓய்வெடுக்கும் அறையில் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் அடுத்த ஷிப்டுக்காரிகள் பிடித்துக்கொண்டார்கள். அடுத்தது எங்கே? இவர் எழுதினார். வாராவாரம் எழுதினார். கார்பன் வைத்துப் பிரதி எடுத்து, கல்யாணமாகி வேறு ஊர் போனவர்களுக்குக்கூட அனுப்பினார்கள். சில வருஷங்களில் அது நாவலாக வளர்ந்துவிட்டது.

“மெட்ராஸ்ல ஒரு இடத்துக்கு அனுப்புனேன் சார். அடுத்தவர் சொத்தைத் தொடுறதில்லைன்னு திருப்பிட்டாக. வீட்டுல இதைக் கிறுக்குங்கிறாக. எனக்கு என் பேர் போட்ட ஒரு புத்தகம் வேணும். ஆனா திருடின்னு ஒருத்தர் ஒரு வார்த்தை சொல்லிட்டாலும் நான் எக்ஸ்சேஞ்சுல தலைகாட்ட முடியாது. ரெண்டும் சேர்ந்து நடக்குமான்னு நீங்கதான் சொல்லணும்.”

கட்டை அங்கேயே வைத்துவிட்டு, “டூட்டிக்கு நேரமாச்சு, வாரேன் சார்” என்று போய்விட்டார். இரண்டு மூன்று நாளில் படித்து முடித்தேன். படித்து முடித்தபோது பெரிய எழுத்தாளர் படைத்த வடிவைவிட இந்த வடிவு மீது எனக்குப் பிரியம் வந்துவிட்டது. பெயர்களை மட்டும் மாற்றிவிட்டால் போதும் என்று தீர்மானித்து, மார்தட்டிக்கொண்டு முதலாளியிடம் கொடுத்தேன்.

மறுநாள் அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்.

“ஏப்பா, இந்தப் பொம்பளை யாரு?”

“எந்தப் பொம்பளைண்ணே?”

“முதல் பக்கத்துல கெணத்தடியில நிக்கிறாளே, அவதான். நிக்கிறா, திரும்பி வாரா, உடனே எல்லாரும் அழுகுறாக. எதுக்கு அழுகுறாக? இவளுக்கு அப்படி என்ன கேடு வந்துச்சு?”

நான் உற்சாகமாக ஆரம்பித்தேன். கல்யாணம், சந்தேகம், பிறந்த வீட்டில் அண்ணன் பேசிய பேச்சு, சாத்திய கதவு எல்லாவற்றையும் சொன்னேன். என் குரலே தழுதழுத்துவிட்டது. முதலாளி பொறுமையாகக் கேட்டார். பிறகு கட்டை என் பக்கம் தள்ளினார்.

“நீ இப்பச் சொன்னதுல ஒரு வரி இதுல இருக்கா? எடுத்துக் காட்டு.”

புரட்டினேன். இல்லை. புருஷன் என்ன செய்தான் என்று ஒரு வரி இல்லை. அண்ணன் என்ன பேசினான் என்று இல்லை. வடிவு எப்படி இருப்பாள் என்றுகூட இல்லை. ஓரிடத்தில், ‘பொங்கல் மலரில் போட்டிருந்த படத்தில் நின்ற மாதிரியே நின்றாள்’ என்று இருந்தது.

“எந்தப் பொங்கல் மலரு?” என்றார் முதலாளி. “வாங்குறவன் வீட்டுக்கெல்லாம் நீ போயி வியாக்கியானம் சொல்லுவியா?”

எனக்கு முகத்தில் அடித்தாற்போல் ஆகிவிட்டது. பஞ்சவர்ணம் எழுதியது வடிவை அறிந்த பெண்களுக்காக. அவர்களுக்குத் தெரிந்ததை எழுத வேண்டிய அவசியமே அவருக்கு வரவில்லை. எனக்கும் தெரிந்திருந்ததால், இல்லாததையெல்லாம் நானே மனசுக்குள் நிரப்பிக்கொண்டு படித்திருக்கிறேன். அழுதது நான், அழவைத்தது அக்கா வைத்திருந்த பைண்டு. பெயரை மட்டும் மாற்றி அச்சடித்திருந்தால், வடிவைத் தெரிந்தவர்கள் முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்துத் திருட்டு என்றிருப்பார்கள். தெரியாதவர்களுக்கு ஒரு இழவும் புரிந்திருக்காது.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது இது. இந்த மாதிரி ஒரு பிரதி வந்தால், மூலக்கதையை அறியாத ஒருவரிடம் முதலில் கொடுங்கள். ரசிகர்கள் புகழ்ந்ததை ஒரு பக்கம் வையுங்கள். நீங்களே ரசிகராக இருந்தால் உங்களையும் ஒரு பக்கம் வையுங்கள்.

முதலாளி கண்டுபிடித்ததை, பஞ்சவர்ணம் மறுபடி வந்தபோது அவரிடம் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

“அப்ப அஸ்திவாரம் அவரு போட்டது, மேல மட்டும் நானா சார்?”

“அப்படி இல்லம்மா…”

“அப்படித்தான் சார்.” கட்டை ஒயர் கூடைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு வெகுநாள் அவர் வரவில்லை. மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டாலே நிமிர்ந்து பார்ப்பேன். கட்டை அடுப்பில் போட்டிருப்பாரோ என்று ஒரு பயம். எழுதிக்கொண்டிருந்த கையை நான் நிறுத்திவிட்டேனோ என்று அதைவிடப் பெரிய பயம். எக்ஸ்சேஞ்சுக்குப் போய்க் கேட்கலாமென்றால், வேலையிடத்தில் ஒரு பெண்ணைத் தேடிக்கொண்டு போய் நிற்பது அந்தக் காலத்தில் நல்லதாகப் படவில்லை.

ஆடிக் காற்று ஓய்ந்த சமயம் வந்தார். மெலிந்திருந்தார். இந்த முறை கேட்காமலே உட்கார்ந்தார்.

“மிராசுதார் வீட்டை நான் கண்ணாலயும் கண்டதில்ல சார். அதான் அதைப் பத்தி ஒண்ணும் எழுத வரலை. எனக்குத் தெரிஞ்ச வீட்டுல அவளைப் பொறக்க வச்சுட்டேன்.”

படித்தேன். கிணற்றடியைக் காணோம். மேலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், கால்வாய்த் தண்ணீருக்கு முறை வைத்திருக்கிற இடத்தில், தன் முறைத் தண்ணீரை அடுத்தவன் தன் வயலுக்குத் திருப்பிக்கொண்டான் என்று ஒருத்தி மம்பட்டியோடு வரப்பில் நின்று சத்தம் போடுவதில் கதை தொடங்கியது. புருஷன் ஒதுக்கியது, அண்ணன் வீட்டு வாசலில் நின்றது எல்லாம் அந்தச் சண்டைக்குள்ளேயே வந்தன. கதவு சாத்தியதுகூட வேறு மாதிரி இருந்தது. அண்ணன் கதவைச் சாத்தவில்லை, கதவே இல்லாத வீடு. தங்கச்சி வாசலில் நிற்க, உள்ளே அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவ்வளவுதான். அதைப் படித்தபோது எனக்கு எந்தப் பைண்டும் ஞாபகம் வரவில்லை.

ஆனால் பெயர் இன்னும் வடிவுதான். அதை மட்டும் விட அவருக்கு மனசு வரவில்லை.

“பேரை மாத்துனா அவ செத்துருவா சார்.”

“மாத்தாட்டி நாம செத்தோம்மா,” என்றேன். என் பங்குக்கு நாகரிகமான பெயர்களாக அடுக்கினேன். சுமதி, மாலதி, வசந்தா.

“சுமதி மம்பட்டி புடிப்பாளா சார்?”

 அவர் ஜன்னலுக்கு வெளியே கீழே வண்டிகளில் காகிதக் கட்டு இறக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பார்த்தபடியே, “கருப்பாயி” என்றார். “எங்கூர்ல தெருவுக்கு ரெண்டு கருப்பாயி இருக்காக. ஒருத்தியும் கதையில வந்ததில்ல.” சொல்லிவிட்டு அழுதார். வடிவுக்காக அழுதார் என்றுதான் நினைக்கிறேன். இத்தனை வருஷம் கூடவே வைத்திருந்தவளை அன்றைக்கு வழியனுப்பிவைத்தார்.

முதலாளி, “கருப்பாயின்னு பேரு வச்சா எவன் வாங்குவான்?” என்று முணுமுணுத்தார். ஆனால் இந்தத் தடவை கட்டை வீட்டுக்கு எடுத்துப்போனார். மறுநாள் வந்ததும், “இப்பத் தெரியுதுப்பா எதுக்கு அழுகுறாகன்னு” என்றார். புத்தகம் அச்சுக்குப் போயிற்று.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் உங்களுக்கு எழுதியிருக்கவே மாட்டேன். பாதிப் புத்தகம் அச்சாகியிருந்தபோதுதான் உண்மையான கஷ்டம் வந்தது. அது எதிரி செய்ததில்லை, பிரியப்பட்டவர்கள் செய்தது. எக்ஸ்சேஞ்சுப் பெண்களுக்குப் பெருமை தாங்கவில்லை. எங்க பஞ்சவர்ணம் எழுதுன வடிவு கதை புத்தகமா வருதாக்கும் என்று போகிற இடமெல்லாம் சொல்லிவிட்டார்கள். மேலூர் பஸ் ஸ்டாண்டில் புத்தகக் கடை வைத்திருந்த ஒருவர், எனக்குப் பழக்கமானவர், மூச்சிரைக்க மாடியேறி வந்தார்.

“மாப்ள, வடிவு ரெண்டாம் பாகம் நீங்கதான் போடுறீகளாமே? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே! எனக்கு எம்புட்டுக் குடுத்தாலும் எடுத்துக்கிறேன்.”

“அண்ணே, அது வடிவு கதை இல்ல…”

“தெரியும், தெரியும்! வெளிய சொல்லாதேங்கிற. புரியுது.” கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போய்விட்டார். அடுத்தடுத்து திண்டுக்கல்லிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் அதே பேச்சு வந்தது. எந்தப் பெயரைக் கஷ்டப்பட்டுக் கழற்றினோமோ, அதையே ஊர் கூடித் திரும்ப மாட்டிவிட்டது.

இந்த நேரம் பார்த்து அந்தப் பெரிய எழுத்தாளரே மதுரைக்கு வருவதாகச் செய்தி வந்தது. வண்டியூர் தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் இலக்கிய விழா, அவர்தான் தலைமை.  பயத்தில் அந்த வாரம் முழுக்க எனக்கு மோர்ச் சோறுதான்.

முதலாளிக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர், வாயைத் திறக்காதீர்கள் என்றார். நாமே போய்ச் சொன்னால் திருட்டை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமாம். முதலாளி என்னைப் பார்த்தார்.

“சிபாரிசு பண்ணினது நீ. அந்தப் பொண்ணுகிட்டப் பேசினது நீ. போறதா, இருக்கிறதான்னு நீயே முடிவு பண்ணு. அச்சை வேணும்னா ரெண்டு நாளைக்கு நிப்பாட்டி வைக்கிறேன்.”

அப்படிப் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டுத் தன் நோட்ஸ் புரூஃபைப் பார்க்கப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். நான் யோசித்தது இவ்வளவுதான். விழாவில் யாராவது அவரிடம் இதைக் கேட்காமல் விடமாட்டார்கள். மேடையில், மைக்குக்கு முன்னால், முதல்முறையாக அவர் இதைக் கேள்விப்பட்டால் என்ன சொல்வார்? கோபத்தில் ஒரு வார்த்தை விழுந்தால் அதோடு பஞ்சவர்ணம் காலி. வக்கீல் சட்டத்தைப் பார்த்தார், அவர் தொழில் அது. நான் மைக்கைப் பார்த்தேன். போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன்.

நான் மட்டும் போவதாகத்தான் இருந்தேன். பஞ்சவர்ணத்துக்குத் தகவல் சொன்னதும், “என் கதைக்கு நீங்க என்ன சார் பேசுறது? நானும் வாரேன். சாயங்காலந்தான் டூட்டி” என்றார்.

விழா அன்று காலையில், ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து லாட்ஜில் அவர் அறைக்குப் போனோம். எழுத்தாளர் பனியனோடு உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். அதுவரை அச்சாகி மடித்திருந்த தாள்களை, பாரங்கள் என்போம், நான் மடியில் வைத்துக்கொண்டு, ஒத்திகை பார்த்திருந்த பேச்சைத் தொடங்குவதற்குள் பஞ்சவர்ணம் பேசிவிட்டார்.

“சார், நான் உங்க வடிவை வச்சுத்தான் எழுத ஆரம்பிச்சேன்.”

எழுத்தாளர் நெற்றியைச் சுருக்கினார். “வடிவு…” என்றார். விரலில் இருந்த சட்னியைப் பார்த்தார். “வடிவு. இருங்க, சொல்லாதீங்க. கிணறு வருமே, அந்தக் கதைதானே? யார் தள்ளிவிட்டாங்க அவளை?”

“யாரும் தள்ளலை சார். அவளா விழுந்தா.”

“அப்படியா? ஏன்?”

நான் எத்தனையோ விதமாகப் பயந்திருந்தேன். திட்டுவார், விரட்டுவார், போலீஸுக்குப் போவேன் என்பார் என்றெல்லாம் பயந்திருந்தேன். மறந்திருப்பார் என்று மட்டும் பயப்படத் தோன்றவில்லை.  யாருக்கு இத்தனை வருஷமாகப் பஞ்சவர்ணம் பயந்தாரோ, அவரிடம் அவருடைய கதையையே முதலிலிருந்து சொன்னார். இந்த வாரத்தில் இது, அடுத்த வாரத்தில் இது என்று வரிசை தப்பாமல் சொன்னார். எழுத்தாளர் வேறு யாரோ எழுதிய கதையைக் கேட்பதைப்போலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“மன்னிச்சுக்கம்மா,” என்றார் கடைசியில். “அப்போ ஒரே சமயத்துல பல பத்திரிகைக்கு எழுதிட்டிருந்தேன். அடுத்த தொடருக்கு விளம்பரம் போட்டாச்சு, இந்த வாரத்தோட முடிச்சுடுங்கன்னாங்க. முடிச்சேன். கிணறு கையில கிடைச்சது.” தட்டை ஓரமாக நகர்த்தினார். “உங்க கதையில அவ எப்படித் தப்பிச்சா? யார் காப்பாத்தினா?”

“யாரும் காப்பாத்தலை சார். அன்னைக்கு அவளுக்குத் தண்ணி முறை. மடையைத் தொறந்துவிடப் போயிட்டா. கெணத்துக்குப் போக நேரமில்ல.”

அவர் சிரிக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து, என் மடியிலிருந்த பாரங்களைக் கேட்டு வாங்கினார். மடித்த தாள்களைப் பிரித்துப் பிரித்து அவர் படிக்க, நாங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தட்டில் மிச்சமிருந்த இட்லி காய்ந்துபோயிற்று. ஒரு தடவை அவர் உதட்டைக் கடித்துக்கொண்டது தெரிந்தது. பிடித்ததாலா, கோபத்தாலா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

“நான் ஒரு முன்னுரை எழுதித் தரட்டுமா?” என்றார்.

எனக்கு உயிர் வந்தது. அவரே முன்னுரை கொடுத்துவிட்டால் யார் என்ன பேச முடியும்? வம்பு தீர்ந்தது, விற்பனையும் ஆயிற்று. நன்றி சொல்ல எழுந்தே நின்றுவிட்டேன்.

“வேண்டாம் சார்,” என்றார் பஞ்சவர்ணம்.

நான் அவரைப் பார்த்தேன். எழுத்தாளரும் பார்த்தார்.

“கோவிச்சுக்காதீக. நீங்க ரெண்டு வரி எழுதுனாலும் இது உங்க வடிவு கதைதான்னு ஆயிரும். அவளை நான் ரொம்பக் கஷ்டப்பட்டுப் பிரிச்சுக் கொண்டாந்திருக்கேன் சார்.”

எழுத்தாளர் பாரங்களை ஒழுங்காக அடுக்கி என்னிடம் நீட்டினார். “சரி, போயிட்டு வாங்க,” என்றார். அவ்வளவுதான். ஆசீர்வாதமும் இல்லை, மிரட்டலும் இல்லை.

படியிறங்கும்போது எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. “என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க! வலிய வந்ததை வேண்டாம்ட்டீங்களே! சாயங்காலம் மேடையில அவர் ஏதாச்சும் சொன்னா நான் என்ன செய்வேன்?”  பஞ்சவர்ணம் கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார்.  துணிச்சலுக்கும் பயத்துக்கும் ஒரே ஆளில் இடம் உண்டு என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

சாயங்காலம் மண்டபம் நிரம்பி வழிந்தது. நான் கடைசி வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் நின்றேன். எழுத்தாளர் பேசி முடித்ததும் வாசகர்கள் கேட்கலாம் என்றார்கள். நான் பயந்தபடியே ஆயிற்று. முதலில் எழுந்தது என் மேலூர்க் கடைக்காரர்தான்.

“ஐயா, வடிவு ரெண்டாம் பாகம் மதுரையில அச்சாகுதுங்கிறாக. உங்களுக்குத் தெரிஞ்சுதான் நடக்குதா?”

கூட்டம் கைதட்டியது. நான் தூணை ஒட்டி நின்று, கூட்டத்தில் இருந்த கடைக்காரர்களைப் பார்த்தேன். எழுத்தாளர் மைக்கைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டார்.

“வடிவு கதையை நான் கிணத்தோட முடிச்சுட்டேன். அதுக்கு ரெண்டாம் பாகம் கிடையாது, யாரும் எழுதவும் இல்லை. இன்னிக்குக் காலையில இந்த ஊர் அம்மா ஒருத்தரோட நாவலைக் கொஞ்சம் படிச்சேன். அதுல கருப்பாயின்னு ஒருத்தி வர்றா. அவளை எனக்குத் தெரியாது. அவ முழுக்க அந்த அம்மாவோடவ.”

பின்னால் நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வடிவுக்காக ஆர்டர் கொடுத்த கடைக்காரர்கள் அத்தனை பேரும் பின்வாங்கினார்கள். மேலூர்க்காரர் மட்டும், கேட்டுக் கெடுத்த பாவத்துக்கு என்று கொஞ்சம் எடுத்துக்கொண்டார். கருப்பாயி மெல்ல மெல்லத்தான் விற்றாள். முதல் பதிப்பு தீர வருஷக்கணக்கானது, முதலாளி அதற்காக ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை. அந்த நாவலைத் திருட்டு என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. பஞ்சவர்ணம் அதற்குப் பிறகும் எழுதினார், எதிலும் வடிவு இல்லை.

அன்றைக்கு அந்த வார்த்தைகளைக் கேட்டிருக்க வேண்டியவர் மண்டபத்தில் இல்லை, டூட்டியில் இருந்தார். நான் கூட்டத்தை இடித்துக்கொண்டு மண்டப மேனேஜர் அறைக்கு ஓடினேன். அவரிடம் கெஞ்சி, வெளியூர்ப் பேச்சுக்கு டிரங்க் கால் பதிகிற எக்ஸ்சேஞ்சு எண்ணைச் சுழற்றினேன். எடுத்த பெண்ணிடம் பஞ்சவர்ணம் வேண்டும் என்றேன். டூட்டி நேரத்தில் கொடுக்க முடியாது என்றார். “கருப்பாயி விஷயம்மா” என்றேன். அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

“சொல்லுங்க சார்.” பஞ்சவர்ணம்தான்.

எழுத்தாளர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவளை எனக்குத் தெரியாது என்றார், அவள் முழுக்க உங்களுடையவள் என்றார், எல்லோர் முன்னாலும் மைக்கில் சொன்னார் என்றேன்.  பின்னால் மற்றப் பெண்கள் என்ன, என்ன என்று கேட்பது மட்டும் கேட்டது.

“அம்மா, இருக்கீங்களா? நாம ஜெயிச்சுட்டோம்மா.”

“அவளைத் தெரியாதுன்னு சொன்னாரே, அப்ப அவர் மூஞ்சி எப்படி இருந்துச்சு சார்?”

 அந்த நேரம் முழுக்க நான் கடைக்காரர்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கவனிக்கலையேம்மா என்றேன்.

“போங்க சார்,” என்றார் பஞ்சவர்ணம். அழுகிறார் என்று தெரிந்தது. “அதைப் பாக்காம வேற என்னத்தைப் பாத்தீக?”